நாலாவது பேர்

கடல் தாண்டிய ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்கள், ஒரு கட்டுரையை எத்தனை பேர் சேர்ந்து எழுதியிருந்தாலும், அதை இன்னொரு கட்டுரையில் எடுத்துச் சொல்லும்போது மூன்று பேருக்கு மேல் பேர் போடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த காலத்தில், எங்கள் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, பஸ் ஸ்டாப்புக்கும் அசனார் டீக்கடைக்கும் நடுவில், தங்கம் கம்ப்யூட்டர்ஸ் என்று ஒரு கடை இருந்தது, அந்தக் கடையில் நான் இருந்தேன். பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். வீட்டில் கஷ்டம், அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் அப்படி ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடை முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி எனக்குக் கொடுத்த வேலை ரெஃபரன்ஸ் சரிபண்ணுவது. ஆராய்ச்சி மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதினால் அதன் கடைசியில், தாங்கள் பார்த்த மற்றக் கட்டுரைகளையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும், யார் எழுதியது, எந்த வருஷம், எந்தப் பத்திரிகை, எந்தப் பக்கம் என்று. இதை ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். ஒன்று வருஷத்தை அடைப்புக்குள் போடு என்னும், இன்னொன்று அடைப்பை எடு என்னும், ஒன்று பத்திரிகைப் பேரைச் சாய்த்து எழுது என்னும், சாய்த்து அனுப்பினால் அவர்கள் கட்டுரையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள், அடுத்த பத்திரிகை நிமிர்த்து எழுது என்னும். கட்டுரையில் ஒரு சொல் மாறியிருக்காது, புள்ளியும் கமாவும் மட்டும் இடம் மாறி மாறி உட்காரும். நெல்லைக் குத்தி உமியைப் புடைத்து, பிறகு அந்த அரிசிக்கே உமியை மாட்டிவிட்டு, மறுபடி குத்துகிற மாதிரி வேலை. இதற்கென்று சாப்ட்வேர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது செய்து வைத்த கோளாறைச் சரிபண்ணத்தான் எங்களிடம் வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் மெர்சலின் அக்கா. கடற்கரை ஊர்க்காரி. அவளுடைய அப்பா சூசை சங்கு குளிக்கிறவர், அவள் சங்கின் முட்டையை ஆராய்ச்சி செய்கிறவள், கடல் சூடாகச் சூடாக அந்த முட்டைக்கு என்ன ஆகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததை எழுதியும் விட்டாள். ஆனால் ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் வந்தால்தான் பல்கலைக்கழகத்தில் தீசிஸ் வாங்குவார்கள், அவளுடைய பதிவோ அந்த வருஷத்தோடு முடிகிறது, கட்டுரையோ போகிற இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வருகிறது. வருகிறபோதெல்லாம் பென்டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"இந்தத் தடவை மூணு பேருதானாம் முப்பிடாதி. மீதியெல்லாம் வெட்டிரு."

வெட்டினேன். ஒரு கட்டுரைக்கு ஏழு பேர் இருந்தால் முதல் மூன்று பேரை வைத்துக்கொண்டு மிச்சம் நாலு பேரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இங்கிலீஷில் இரண்டு குட்டி வார்த்தை போட வேண்டும். மற்றும் பிறர் என்று அர்த்தம். காலையிலிருந்து அழித்தேன். எனக்குப் பசித்தது, அதனால் வேகமாக அழித்தேன்.

மத்தியான டவுன் பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள்.

முதலில் இறங்கியவர் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரர், பூட்ஸில் ஒட்டியிருந்த பனிக்கட்டி எங்கள் ஊர் வெயிலில் கரையாமல் இருந்தது. அடுத்து மேகலா என்கிற அவர்கள் ஊர்ச் சேலை கட்டின ஒரு அசாம்காரப் பெண், கையில் வடிகட்டி. அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் குப்பிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒருவர், கழுத்தில் கைக்கடிகாரத்தைத் தொங்கவிட்ட ஒருவர், சீப்பை எடுத்து எடுத்துத் தலை வாரிக்கொண்டே இருந்த நம்மூர் முகம் ஒன்று, இன்னும் பலர். எல்லோரும் வந்து எங்கள் கடை வாசலில் நின்றார்கள்.

"என்ன வேணும்?" என்றார் அண்ணாச்சி.

"உக்காரணும்" என்றார் பூட்ஸ்காரர்.

அவர்கள் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே காதில் விழுந்தது, உண்மையில் எந்த மொழி என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் நேரமில்லை. கடைக்குள் இருந்த பெஞ்சு போதவில்லை, அசனார் தன் கடைப் பெஞ்சையும் இழுத்துப் போட்டார். பேர் என்ன என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நாக்கு நுனி வரை வருகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்று நெற்றியைத் தடவினார்கள். பூட்ஸ்காரர் தான் ஐந்தாவது என்றார். வடிகட்டிப் பெண் ஆறாவது. சீப்புக்காரப் பையன், "நான் நாலாவதுண்ணே" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை தலை வாரிக்கொண்டான்.

அசனாருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஏட்டி முப்பிடாதி, நீ இவுக பேரையெல்லாம் விட்டுட்டியோ?"

"நான் விடல. விடச் சொன்னாவ."

"யாரு சொன்னா என்ன, பேரு விட்டுப்போச்சுன்னா வந்து உக்காரத்தானே செய்வாவ" என்று சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றினார்.

எங்கள் தெருவுக்கு இது பெரிய விஷயமே இல்லை. எங்கள் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, நோட்டீஸ் அடிக்கும்போது ஒரு குடும்பத்தின் பேர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் மொத்தமும் கோயில் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும், சண்டை போடாது, பேசாது, சாமி சோறும் வாங்காது, வேறு நோட்டீஸ் அடித்துக் கையில் கொடுக்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பேர் பெரியப்பா பேருக்கு முன்னால் வந்ததற்காக இன்றைக்கும் பேசாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட அதன் மேல் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்குப் பேர் எழுதுகிறவர்கள் நாங்கள். ஆகையால் பேர் போனதற்காகக் கடல் கடந்து ஒருத்தர் வந்து உட்கார்ந்தார் என்றால், பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாரா என்பதுதான் எங்களுக்குத் தோன்றிய ஒரே கேள்வி. எடுக்கவில்லை. கண்டக்டர் இரண்டு நாள் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார், மூன்றாம் நாளிலிருந்து எங்கள் நிறுத்தம் வந்ததும், "பிறரெல்லாம் எறங்கு, பிறரெல்லாம் எறங்கு" என்று விசில் ஊதினார். அதற்குப் பிறகு தெருவும் அவர்களைப் பிறர் என்றே சொன்னது. பிறருக்கு நாலு டீ. பிறர் எந்திரிச்சிட்டாவளா. பிறர் ஒருத்தரைக் கூப்பிடுங்க, மோட்டார் ஓடல.

மோட்டாருக்கு அவர்களைக் கூப்பிட ஒரு காரணம் இருந்தது. கட்டுரைகளில் முன்னால் பேர் வருகிறவர்கள் பேசுகிறவர்கள் என்றும், பின்னால் பேர் வருகிறவர்கள் செய்கிறவர்கள் என்றும் எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. தண்ணீர் மொண்டவர்கள், குப்பி கழுவினவர்கள், ஐஸில் நின்று புழு எண்ணினவர்கள், இவர்கள்தான் வந்தது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஐந்தாவது, அதாவது பூட்ஸ்காரர், அசனாரின் ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினார், அது அன்றிலிருந்து பாலை ஐஸாக்குகிறது, பால் பால்தானா என்றும் சொல்கிறது. ஆறாவது அக்கா சாக்கடைத் தண்ணீரை வடிகட்டிப் பார்த்து எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னாள். மீன் விற்கிற அந்தோணியம்மாளின் தராசு ஒரு பக்கம் சாய்கிறதென்று குப்பிக்காரர் கண்டுபிடித்துச் சொன்னபோது மட்டும் தெருவில் சத்தம் வந்தது.

"ஏலேய், ஓம் பேரே ஒனக்குத் தெரியாது, எந் தராசைச் சொல்ல வந்துட்டியோ?" என்று அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"பேரு தெரியாதும்மா. எடை தெரியும்" என்றார் அவர், அலுப்பாக.

ஆமாம், அலுப்புதான். அவர்கள் அத்தனை பேரிடமும் இருந்த ஒரே பொதுக் குணம் அது. வேலை செய்யாத நேரத்தில் பெஞ்சில் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். செத்துப்போன இரண்டு பேரும் அவர்களோடு வந்திருந்தார்கள், அவர்கள்தான் கொஞ்சம் தெம்பாக இருந்தார்கள்.

பிறகு அந்தப் பத்திரிகையும் வேண்டாமென்று சொல்லிவிட்டது. அடுத்த பத்திரிகை எல்லாப் பேரும் வேண்டும் என்றது. மெர்சலின் அக்கா பென்டிரைவோடு வந்தாள், நான் அழித்த பேர்களையெல்லாம் தேடித் தேடித் திரும்ப எழுதினேன், ஒவ்வொரு பேராக எழுத எழுத வாசலில் ஒவ்வொருத்தராக எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, "வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போனார்கள். தெரு வெறிச்சென்று ஆகிவிட்டது. அசனார் பாலைக் கொட்டினார். அந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பியது. அடுத்தது மறுபடி மூன்று பேர். மறுபடி வெட்டினேன், மறுபடி வந்தார்கள், போன தடவை பாதியில் விட்டுப்போன கேரம் ஆட்டத்தைக் காய் கலையாமல் தொடர்ந்தார்கள். இப்படியே ஐப்பசி போனது, கார்த்திகை போனது, வந்தார்கள், போனார்கள், நான் சாய்த்தேன், நிமிர்த்தினேன், அடைத்தேன், திறந்தேன், என் கட்டைவிரல் மரத்துப்போனது. அசனார் காலையில் ஷட்டர் திறக்கும்போதே எங்கள் கடைக்குள் தலையை நீட்டுவார்.

"இந்தப் பத்திரிகை மூணு பேரா, எல்லாருமா?"

"மூணு."

"அப்பம் பாலு கூட வாங்கணும்" என்பார், முகம் மலர்ந்து.

ஒருநாள் ஆறாவது அக்காவிடம் நான் நேராகவே கேட்டேன், ஏன் இப்படி எந்நேரமும் சோர்ந்து போய் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஊருக்குப் போய் ஒரு தூக்கம் போடலாமே என்று.

"ஊர்லயும் இருக்கேனே" என்றாள் அவள். "அங்க எனக்கு இப்பம் முடியெல்லாம் நரைச்சிட்டு. இந்நேரம் அரிசி களைஞ்சிட்டு நிக்கேன். இந்த வேலையைச் செஞ்ச காலத்துல எப்படி இருந்தேனோ அதுல ஒரு துளிதான் இங்க வந்துருக்கு. எங்கெங்க எம் பேரை வெட்டுதாவளோ அங்கெல்லாம் ஒரு துளி போவுது. சிலது ஜப்பான்ல உக்காந்துருக்கு, ஒண்ணு பிரேசில்ல. மிச்சம் இருக்கதை வெச்சிக்கிட்டு அங்க ஒருத்தி குடும்பம் நடத்துதா. ஏன் காலைல எந்திரிக்கவே முடியலன்னு அவளுக்குத் தெரியாது. சத்து மாத்திரை வாங்கித் திங்கா."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கடைக்குள் வந்து மெர்சலின் அக்காவின் கட்டுரையை முதல் பக்கத்துக்கு ஓட்டினேன். அத்தனை மாதமாக அதன் கடைசிப் பக்கங்களில்தான் நான் குடியிருந்தேன், முதல் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அதில் எழுதினவர்கள் பேர் வரிசையாக இருந்தது. முதலில் அவளுடைய கைடு டாக்டர் வில்வநாதன். அடுத்தது துறைத் தலைவர். மூன்றாவது கோமதி என்று ஒரு பேர். நாலாவது, மெர்சலின்.

அவள் வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன். "எக்கா, நீ நாலாவது."

"தெரியும்."

"கடல்ல எறங்கி முட்டையை எடுத்தது யாரு?"

"எங்க அப்பா. அப்பாவுக்குக் காது அடைச்ச அன்னைக்கெல்லாம் நான்."

"அவரு பேரு எங்க?"

"அவருக்கெல்லாம் எங்கட்டி பேரு போடுவாவ."

"அப்பம் இந்தக் கோமதி யாரு?"

"சாரோட வீட்டம்மா."

"அவுகளும் சங்கா?"

"காமர்ஸ்" என்றாள் அவள், எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வாசலில் இருந்த பிறர்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்தபிறகு நான் ஆறாவது அக்கா சொன்னதை அவளிடம் சொன்னேன். நாளைக்கு உன் கட்டுரையை எவனாவது எடுத்துத் தன் கட்டுரையில் சொல்வான், அவன் பத்திரிகை மூன்று பேர்தான் என்று சொல்லும், என்னை மாதிரி ஒருத்தி பசியோடு உட்கார்ந்து உன்னை அழிப்பாள், அழிக்கிற இடத்துக்கெல்லாம் நீ ஒரு துளி போய்க்கொண்டே இருக்க வேண்டும், இருக்கிறதே இத்தனூண்டு ஆள் நீ என்று. அவள் வெளியே பெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாரிட்ட கேக்கேன்" என்றாள். "மூணாவதா போடச் சொல்லிக் கேக்கேன்."

அந்த வாரமும் கேட்கிறேன் என்றாள், அடுத்த வாரமும் கேட்கிறேன் என்றாள். கேட்கவில்லை. அவள் பயந்தாங்கொள்ளி என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டால் அத்தனை வருஷமும் கடலோடு போச்சு, அதுவும் எனக்குத் தெரியும். கடைசியில் பதிவு முடிய ஒரு மாதம்கூட இல்லாதபோது ஒரு பத்திரிகை, திருத்திக் கொடுத்தால் போடுகிறோம் என்று பதில் எழுதியது. மூன்று பேர் பத்திரிகை. பேர் வரிசையை இனி மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு முடியாது. அன்றைக்கு அவள் கேட்டேவிட்டாள், போனில், எங்கள் கடை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டு. நேரில் வந்து பேசுகிறேன் என்று அவர் சொன்னாராம்.

மத்தியானம் கார் வந்து நின்றது. வில்வநாதன் சார் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, தலை முழு வழுக்கை. பெஞ்சிலிருந்த பிறரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், எல்லோரும் காலை மடக்கி வழி விட்டார்கள், சீப்புக்காரப் பையன் மட்டும் மடக்கவில்லை. சீப்பைப் பாதித் தலையில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் நின்றுவிட்டார்.

இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அசனார் டீ ஆற்றுவதை நிறுத்தினார். நான் இத்தனை நாள் அதைக் கவனிக்காமல் போனதற்கு அந்தப் பேர்தான் காரணம். நமக்குக் குடும்பப் பேர் என்று ஒன்று கிடையாது, அப்பா பேர்தான் இனிஷியல். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது விளங்காது, இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி, விரித்ததும் அப்பா பேரை முழுசாக வைத்துக்கொண்டு நம் பேரை ஒற்றை எழுத்தாக்கிவிடுவார்கள். சங்கைப் பற்றி ஒரு பழைய கட்டுரையில் நாலாவதாக சுப்பையா, வி. என்று இருந்தது, நான் யாரோ ஒரு சுப்பையாவை அழித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது சாருடைய அப்பா பேர், அந்த ஒற்றை வி.தான் சார்.

"நீ எத்தனாவது?" என்றார் சார்.

"நாலாவதுண்ணே" என்றான் பையன்.

"எங்க புரொபசருக்கு ரெண்டு மச்சினன்மார் இருந்தாவ, அவுக பேருக்குப் பின்னாலதான் எம் பேரு" என்றார் சார், யாரிடம் என்றில்லாமல். பிறகு பையன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அசனார் கேட்காமலேயே இரண்டு டீ கொண்டு வந்து வைத்தார், இருவரும் ஒரே மாதிரி கிளாஸை இடது கையில் எடுத்து, ஒரே மாதிரி ஊதி ஊதிக் குடித்தார்கள்.

"ரொம்ப அசதியா இருக்கு" என்றான் பையன்.

"எனக்கும்தான். சுகர் டெஸ்டெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன்" என்றார் சார். "ஒண்ணும் இல்லைன்னுட்டான்."

"இங்கயேதான் இருக்கேன். எத்தனையோ வருஷமா இப்படி எங்கயாவது உக்காந்துக்கிட்டேதான் இருக்கேன்."

சார் அவன் தோளில் கை வைத்தார், பிறகு தன் தோளை யாரோ தொட்டது போல உடனே எடுத்துக்கொண்டார். எழுந்து உள்ளே வந்தார். மெர்சலின் அக்கா சுவரோடு சுவராக நின்றாள். அவர் என்னைப் பார்த்து, "மூணாவதா மெர்சலின் பேரைப் போடும்மா. கோமதியை நாலாவதா வையி" என்றார்.

நான் இரண்டு பேரையும் மாற்றினேன். ஒரு வெட்டு, ஒரு ஒட்டு, மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே பெஞ்சில் சீப்புக்காரப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான், ஆறாவது அக்கா கை தட்டினாள், அந்தோணியம்மாள் மீன் வெட்டுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். மெர்சலின் அக்கா அழவில்லை, துப்பட்டாவை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது சாருடைய போன் அடித்தது.

அவர் வாசல் பக்கம் போனார். "சொல்லு கோமதி" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் "ம்" தான். "ம்... இல்ல... பிரமோஷனுக்கு மூணாவதுக்குள்ள இருந்தாத்தான் எண்ணுவாங்களா? ம்... தெரியும்... ம்." நின்ற இடத்திலேயே அவர் கொஞ்சம் குள்ளமானது போலத் தெரிந்தது. போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் மெர்சலின் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, திரையின் ஒரு மூலையைப் பார்த்துச் சொன்னார்.

"பழையபடியே இருக்கட்டும்மா."

"சார், இப்பந்தான மாத்தச் சொன்னிய?" என்றேன்.

"ஏட்டி, சும்மா இரி" என்றார் அண்ணாச்சி.

"வெளிய உக்காந்திருக்கது நீங்கதான சார்? ஒங்களையே பாத்துட்டு வந்து இப்படிச் சொல்லுதிய?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரவாவது கொஞ்சம் தெம்பு வேண்டும். "நானும் நாலாவதா இருந்து வந்தவன்தாம்மா" என்றார். "செத்தா போயிட்டேன்? அவ சின்னப் பிள்ளை, இன்னும் எத்தனையோ எழுதுவா." சொல்லிவிட்டு வெளியே போனார். போகும்போது பெஞ்சைப் பார்க்காமல் போனார். பையன் மறுபடி காலை நீட்டிச் சீப்பை எடுத்தான், கார் திரும்புகிற வரைக்கும் வாரிக்கொண்டே இருந்தான்.

நான் எதையும் மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் அவள் பேர் மூன்றாவதாகவே இருந்தது, அனுப்பு என்கிற பொத்தான் கீழே இருந்தது, அதை அழுத்திவிட்டு மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதை அவளிடமே சொன்னேன்.

"அவரு கையெழுத்துப் போடணும்ட்டி" என்றாள் அவள். பிறகு என் பக்கத்தில் குனிந்து, தன் பேரைத் தானே வெட்டி, கீழே ஒட்டினாள். "அனுப்பு. நான் வீட்டுக்குப் போவணும், அப்பா காத்துட்டு இருப்பாவ."

அனுப்பினேன்.

கட்டுரை வந்துவிட்டது. தீசிஸ் வாங்கிக்கொண்டார்கள். மூன்று பேர் பத்திரிகையில் அச்சாகிவிட்டதால் எங்கள் வாசலில் இருந்தவர்கள் இனி எங்கும் போக வழியில்லை, அவர்கள் எங்களோடேயே தங்கிவிட்டார்கள். தெருவுக்கு அதில் வருத்தமே இல்லை. எங்கள் தெருவில் மெஸ் நடத்துகிற பிரேமா அக்கா அதன் பின்கட்டை ஒழித்துக் கொடுத்தாள். அந்தோணியம்மாள் தராசை மாற்றிவிட்டாள், குப்பிக்காரருக்குத் தினம் மீன்தலைக் குழம்பு கொடுத்தாள், திட்டிக்கொண்டே. அந்த வருஷக் கொடை நோட்டீஸில் இவர்களுக்கு என்ன பேர் போடுவது என்று கமிட்டியில் பெரிய பேச்சு நடந்தது. பேர் தெரியாது, சும்மா மற்றும் பிறர் என்று போட்டால் எந்தச் சண்டைக்கு வந்தார்களோ அதையே நாமும் செய்த மாதிரி ஆகும். கடைசியில் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது என்று அவரவர் எண்ணைத் தனித்தனி வரியில், முதல் பக்கத்திலேயே, தர்மகர்த்தாவுக்கு நேர் கீழே போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பூட்ஸ்காரர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் பூட்ஸில் இருந்த பனிக்கட்டி லேசாக உருகியது.

மெர்சலின் அக்காவுக்குத் தூரத்தில் ஒரு காலேஜில் தற்காலிக வேலை கிடைத்துப் போய்விட்டாள். போன புதிதில் தினம் பேசினாள், பிறகு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு எப்போதாவது. பேசினாலும் கொட்டாவிதான். அவள் இல்லாமல் எனக்குக் கடையில் பேச ஆளில்லை, அதைச் சொல்வதில் ஒன்றும் வெட்கமில்லை.

சித்திரையில் வேறொரு மாணவன் கட்டுரையைக் கொண்டு வந்தான். மூன்று பேர் பத்திரிகை. நான் வழக்கம்போல வரி வரியாக வந்தேன், மேலே எல்லாம் ஒருத்தர் இரண்டு பேர் எழுதினது, அழிக்க ஒன்றும் இல்லை, நடுவில் ஒரு வரியில் வில்வநாதன் என்று வந்தது, அடுத்தது துறைத் தலைவர், அடுத்தது கோமதி, அடுத்தது அவள். என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும், மத்தியான பஸ்ஸில் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு வந்து இறங்குவாள், என் மேசைக்குப் பக்கத்தில் உட்காருவாள், பேசிக்கொண்டே வேலை செய்யலாம். அசனாருக்கும் நான் என்ன யோசிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது போல, அவளுக்குப் பிடித்த மாதிரி சீனி குறைத்து ஒரு டீ போட்டுத் தனியாக வைத்தார். நான் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"என்னன்னே தெரியலட்டி" என்றாள். "காலைல எந்திரிக்கவே முடியல. சத்து மாத்திரை திங்கேன். ஆனா ஒண்ணு. நேத்து கிளாஸ்ல நின்னுட்டு இருக்கும்போது திடீர்னு வாயில ஒரு ருசி. பாலில்லாத டீ, உப்புப் போட்ட மாதிரி. ஜன்னலுக்கு வெளிய ஒரே வெள்ளை. யாரோ பின்னால வந்து என் தோள்ல கம்பளியைப் போட்டாவ. 'நீ எத்தனாவதும்மா'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"நாலாவதுன்னு சொன்னேன். நல்லா உக்காருன்னு சொல்லி இடம் விட்டாவ." ஒரு கொட்டாவி விட்டாள். "நல்லவுகதாம் போல."

போனை வைத்தேன். எங்கேயோ ஒரு பனி ஊரில் எவனோ அவளை ஏற்கெனவே வெட்டிவிட்டான். அவள் பேரை அழிக்கவில்லை. கட்டுரை அப்படியே போனது, இத்தனையாவது ரெஃபரன்ஸ் எங்கள் விதிப்படி இல்லை என்று திரும்பி வந்தது, மறுபடி அப்படியே அனுப்பினேன், மறுபடி திரும்பி வந்தது. அந்த மாணவன் கத்தினான், அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கத்தினார், வேலையை விட்டு அனுப்பிருவேன் என்றார். அனுப்பட்டும். மறுபடி அனுப்பினேன். அவர்களுக்கும் ஒருநாள் அலுத்துத்தானே ஆக வேண்டும்.

இதெல்லாம் பிறகு. அவளிடம் போனில் பேசின அன்றைக்கு மத்தியானம் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் வழக்கம்போல, "பிறரெல்லாம் எறங்கு" என்று விசில் ஊதினார். பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டில் யாரும் இல்லை. பஸ் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டுக் கிளம்பிப் போனது.

"எறங்கலியா?" என்றார் அசனார்.

"எறங்கல."

அவர் தனியாக வைத்திருந்த டீயை எடுத்து என் பக்கம் தள்ளினார். சீனி போதவில்லை. குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.